காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு!

ஒரு வீடு. அதற்கு 2 சக்கரங்கள்!

நீளம் 8 அடி. அகலம் 4 அடி. உயரமும் 4 அடிதான். இவ்வளவுதான் அந்த வீடு.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஆனால், காலை நீட்டிப் படுக்கலாம். உட்கார்ந்து பேசலாம். கணவனும் மனைவியும் சுகமாகத் தூங்கலாம். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு பெரிய மூடி இருக்கிறது. அதைத் தூக்கினால், அடுப்பும் பாத்திரமும் தெரியும். அதுதான் சமையல் அறை!

இந்த வீட்டைக் காரின் பின்னால் மாட்டி, மலைக்கும் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் முகாம் போடும் இடத்தில் நிறுத்தித் தூங்குகிறார்கள். ஓட்டல் வாடகை இல்லை. கூடாரம் அடிக்கும் தொல்லையும் இல்லை.

அமெரிக்காவில் இதற்குக் "கண்ணீர்த்துளி டிரெய்லர்" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அழுகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! பக்கத்தில் நின்று பார்த்தால், முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, ஒரு துளி நீர் போல இருக்கும். அதனால் வந்த பெயர் அது.

இதைக் கம்பெனிகள் செய்து விற்கின்றன. ஆனால், கடையில் வாங்காமல் தங்கள் கையாலேயே கட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். அவர்கள் தச்சர்கள் அல்ல, கொல்லர்களும் அல்ல. வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு, சனி, ஞாயிறுகளில் கார் ஷெட்டில் நின்று அறுத்து, இழைத்து, ஒட்டுகிறவர்கள்.

பொழுதுபோக்குதான். ஆனால், விளையாட்டு அல்ல. வேகமாக ஓடும் காரின் பின்னால் வருகிற வீடு அல்லவா? ஒழுங்காகக் கட்டினால் உல்லாசம். தப்பாகக் கட்டினால், காரில் இருக்கும் குடும்பத்துக்கே ஆபத்து.

மழை செய்த வேலை!

இந்த "ஓடும் வீடு" அமெரிக்காவில் பரவியதற்கு முக்கியக் காரணம் எது தெரியுமா? மழை!

டெட்ராய்ட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர் இருந்தார். அவர் கிருமிகளை ஆராயும் விஞ்ஞானி. 1929–ம் ஆண்டில் அவர் கூடாரத்துடன் கூடிய ஒரு டிரெய்லரை விலைக்கு வாங்கினார். "5 நிமிடத்தில் விரித்துவிடலாம்" என்று விற்றவர்கள் சொன்னார்கள்.

குடும்பத்தோடு உல்லாசப் பயணம் புறப்பட்டார். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. 5 நிமிடத்தில் விரிய வேண்டிய கூடாரம் விரியவே இல்லை. அதனோடு மல்லுக்கட்டியதில் எல்லாரும் தெப்பமாக நனைந்தார்கள்.

ஷெர்மன் ஒரு முடிவுக்கு வந்தார். "கூடாரமே வேண்டாம். கெட்டியான சுவரும் கூரையும் உள்ள பெட்டியாகவே இருக்கட்டும்" என்பது அந்த முடிவு. தாமே திட்டம் போட்டு ஒரு டிரெய்லரை உருவாக்கினார்.

பழைய காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறப் போனவர்கள், துணிக்கூரை போட்ட வண்டிகளில் போனார்கள். அதற்குக் "கூண்டு வண்டி" என்று பெயர். ஷெர்மனின் டிரெய்லரைப் பார்த்த குழந்தைகள், "கூண்டு வண்டி! கூண்டு வண்டி!" என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயரே கம்பெனியின் பெயராக ஆகிவிட்டது!

1930–ம் ஆண்டு ஜனவரி மாதம் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதைக் கொண்டு வந்து வைத்தார். விலை 400 டாலர். கண்காட்சி முடிவதற்குள் 118 டிரெய்லர்கள் விற்றன. 1936–ம் ஆண்டில், அமெரிக்காவிலேயே அதிகமாக டிரெய்லர் செய்யும் கம்பெனி அதுதான்.

மனைவி சொன்ன யோசனை

அதே காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாலி பயாம் என்பவருக்கும் இதே அனுபவம் ஏற்பட்டது.

பயாம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அவர் ஒரு பழைய போர்டு காரின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் பலகை அடித்து, கூடாரம் போட்டார். ஒவ்வொரு தடவையும் அதை விரிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மழை பெய்தாலோ சொல்ல வேண்டியதே இல்லை.

அவருடைய மனைவி மரியனுக்கு இது பிடிக்கவில்லை. "வேறு ஏற்பாடு செய்யுங்கள்" என்று தூண்டினார். பயாம், நீர்த்துளி வடிவில் நிலையான ஒரு கூரையைக் கட்டினார். உள்ளே ஒரு சிறிய ஐஸ் பெட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்தார்.

பிறகு, "100 டாலரில் டிரெய்லர் கட்டுவது எப்படி?" என்று ஒரு கட்டுரை எழுதினார். படித்தவர்கள், "விவரமான படம் வேண்டும்" என்று கடிதம் எழுதினார்கள். ஒரு டாலருக்கு ஒரு வரைபடம் என்று விற்றார். வரைபடம் விற்றதிலேயே 15 ஆயிரம் டாலருக்கு மேல் வந்ததாக அவருடைய கம்பெனியின் வரலாறு கூறுகிறது.

வீட்டுக் கொல்லையில் நண்பர்களுக்கும் டிரெய்லர் கட்டிக் கொடுத்தார். "டங், டங்" என்ற சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வேறு வழி இல்லாமல் தனிக் கட்டடம் பிடித்தார். அப்படித் தொடங்கியதுதான் புகழ்பெற்ற "ஏர்ஸ்டிரீம்" கம்பெனி.

1969–ம் ஆண்டில் ஆம்ஸ்டிராங், ஆல்டிரின், காலின்ஸ் ஆகிய 3 பேரும் சந்திர மண்டலப் பயணத்தை முடித்துத் திரும்பினார்கள். "சந்திரனில் இருந்து ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ!" என்ற பயத்தில், அவர்களைத் தனியாக அடைத்து வைத்தார்கள். எதில் தெரியுமா? மாற்றி அமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்டிரீம் டிரெய்லரில்! ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று, ஜன்னல் வழியாகத்தான் அவர்களுடன் பேசினார்.

கொல்லையில் ஆரம்பித்த வேலை எங்கே போய் நின்றது, பார்த்தீர்களா?

விமான இறக்கையில் கூரை

1930–களில் அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. மக்களிடம் பணம் இல்லை. அப்போது "பாப்புலர் மெக்கானிக்ஸ்", "பாப்புலர் சயன்ஸ்" போன்ற பத்திரிகைகள், டிரெய்லர் கட்டும் முறையைப் படத்துடன் வெளியிட்டன. அதைப் பார்த்துப் பலர் கட்டினார்கள்.

அந்த மோகத்தைப் பார்த்த ரோஜர் பாப்சன் என்ற பொருளாதார நிபுணர், "இன்னும் 20 ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வசிப்பார்கள்" என்று ஜோசியம் சொன்னார். அது பலிக்கவில்லை!

2–வது உலக மகாயுத்தம் 1945–ம் ஆண்டில் முடிந்தது. ராணுவத்துக்குத் தேவைப்படாத சாமான்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றி டிரெய்லருக்கு மாட்டினார்கள். குண்டு வீச்சு விமானத்தின் இறக்கையில் இருந்த அலுமினியத் தகட்டை எடுத்து, டிரெய்லரின் கூரைக்குப் போட்டார்கள். ஊர்களை அழிக்கப் பறந்த தகடு, குடும்பத்துக்கு நிழல் கொடுத்தது!

பிறகு பலம் வாய்ந்த கார்கள் வந்தன. அவை பெரிய பெரிய டிரெய்லர்களை இழுத்தன. 1960–களுக்குப் பிறகு குட்டி டிரெய்லரை மக்கள் மறந்துவிட்டார்கள். 1990–களில் அதற்கு மறுபடியும் யோகம் அடித்தது. பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்து மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் 4 அடி, 8 அடி?

இந்த வீட்டின் அளவைத் தீர்மானிப்பது யார்? கட்டுகிறவர் அல்ல. கடைக்காரர்!

அமெரிக்கக் கடைகளில் பிளைவுட் பலகை 4 அடி அகலம், 8 அடி நீளத்தில் விற்கப்படுகிறது. ஒரு பலகை போட்டால் தரை முடிந்தது. பக்கத்துக்கு ஒரு பலகை வீதம் 2 பலகைகளில் 2 சுவர்கள் முடிந்தன. வீணாகும் துண்டு குறைவு. அதனால்தான் பெரும்பாலான குட்டி டிரெய்லர்கள் 4 அடிக்கு 8 அடி என்று அமைகின்றன. இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பவர்கள், அகலத்தை 5 அடியாகக் கட்டுகிறார்கள்.

சுவரின் வளைவை எப்படி வரைவது? அதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவை இல்லை. பலகையில் அங்கங்கே ஆணி அடித்துக்கொள்ள வேண்டும். வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தை அந்த ஆணிகளின் மேல் வளைத்துப் பிடிக்க வேண்டும். சட்டத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டால், அழகான வளைவு கிடைக்கும்.

2 பலகைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இறுக்கி, ஒரே தடவையில் அறுத்தால், இரண்டு சுவரும் அச்சாக ஒன்று போல இருக்கும்.

அறுப்பதற்கு முன்னால் புத்திசாலிகள் ஒரு காரியம் செய்கிறார்கள். அதே அளவில் அட்டையை வெட்டி நிறுத்திவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தலை இடிக்கிறதா? கால் முட்டுகிறதா? அட்டையில் தப்பு செய்தால் நஷ்டம் கொஞ்சம். பலகையில் தப்பு செய்தால் நஷ்டம் அதிகம்!

இரும்புக் குண்டும் சங்கிலியும்

வீட்டுக்கு அஸ்திவாரம் போல, டிரெய்லருக்கு அடிச்சட்டம். அது இரும்பால் ஆனது. அதில் அச்சும், அதிர்ச்சியைத் தாங்கும் வில் பட்டைகளும், சக்கரங்களும் இருக்கின்றன.

மரவேலை தெரிந்த எல்லாருக்கும் இரும்பு வேலை தெரியாது. பற்றவைத்த இடம் ஓடும்போது விட்டுப்போனால் என்ன ஆகும்? அதனால் பலர் அடிச்சட்டத்தை மட்டும் கடையில் ஆயத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். அல்லது கைதேர்ந்த வெல்டரிடம் கொடுத்துச் செய்கிறார்கள். இதில் கௌரவம் பார்ப்பது கூடாது.

டிரெய்லரின் முன்னால் மூக்கு போல ஒரு சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு பூட்டு. காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு. கிண்ணம் குண்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கார் திரும்பும் பக்கம் எல்லாம் டிரெய்லரும் திரும்பும்.

அமெரிக்காவில் சிறிய டிரெய்லர்களுக்கு 2 அளவில் குண்டு இருக்கிறது. ஒன்று 2 அங்குலம். மற்றொன்று 1 அங்குலமும் முக்கால் அங்குலத்துக்கு மேல் கொஞ்சமும். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான்! கண்ணுக்குத் தெரியாது. ஆனால், சின்னக் குண்டின் மேல் பெரிய கிண்ணத்தை மாட்டினால், பள்ளத்தில் விழுந்து எழும்போது டிரெய்லர் துள்ளிக் கழன்றுவிடக்கூடும். இரண்டிலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்தே மாட்ட வேண்டும்.

மூக்கின் இரு பக்கமும் 2 சங்கிலிகள் உண்டு. அவற்றைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டுக் காரில் மாட்டுகிறார்கள். பூட்டு கழன்றுவிட்டாலும், மூக்கு ரோட்டில் குத்தாது. சங்கிலிகள் தொட்டில் போலத் தாங்கிக்கொள்ளும்.

உயிர் இருக்கும் இடம்

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதுதான் பாரம்.

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவரைக் கேட்டால் உடனே சொல்லுவார். பாரம் முழுவதையும் பின்னால் ஏற்றினால், நுகத்தடி மேலே கிளம்பிவிடும். முழுவதையும் முன்னால் ஏற்றினால், மாட்டின் கழுத்து நசுங்கும். சக்கரத்துக்கு மேலே ஏற்றி, கொஞ்சம் பாரம் முன்னால் இருக்கும்படி செய்வதுதான் சாமர்த்தியம்.

டிரெய்லருக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் 100–க்கு 10 முதல் 15 பங்கு வரை மூக்கின் மேல் விழ வேண்டும். டிரெய்லர் 450 கிலோ இருந்தால், மூக்கில் 45 முதல் 68 கிலோ வரை இருக்க வேண்டும். சுமாராக ஓர் ஆளின் எடை!

பாரம் பின்னால் போய்விட்டால் என்ன ஆகும்?

வேகம் குறைவாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகம் கூடினால், டிரெய்லர் நாயின் வாலைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வர வர அதிகமாகும். கடைசியில் காரையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிடும்.

இதை விளக்க ஒரு சோதனை உண்டு. ஓடும் பட்டை ஒன்றின் மேல் பொம்மைக் காரையும் பொம்மை டிரெய்லரையும் ஓட விடுகிறார்கள். எடைக் கட்டியை டிரெய்லரின் முன்பக்கம் வைத்துவிட்டு, விரலால் தட்டினால், அது ஒருமுறை ஆடிவிட்டு நேராகிவிடுகிறது. அதே எடைக் கட்டியைப் பின்பக்கம் வைத்துவிட்டுத் தட்டினால், ஆட்டம் நிற்பதே இல்லை. எடை ஒன்றுதான். இருக்கும் இடம் மட்டுமே வேறு!

கண்ணீர்த்துளி டிரெய்லரில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமையல் அறை பின்னால் இருக்கிறது அல்லவா? அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி, தண்ணீர் எல்லாம் பின்னாலேயே சேர்ந்துவிடுகின்றன. 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ! அதனால் அச்சை நடுவில் வைக்காமல், சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். பாட்டரி, கருவிப் பெட்டி போன்ற கனமான சாமான்களை மூக்கின் மேல் வைக்கிறார்கள்.

எடையைச் சரிபார்க்கப் பெரிய யந்திரம் தேவை இல்லை. ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் சாதாரணக் கருவியே போதும். சாமான்களை எல்லாம் ஏற்றிய பிறகு, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, மூக்கை அந்தக் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து இறக்கினால், எடை தெரிந்துவிடும்.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால், பயந்துபோய்க் காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்கக்கூடாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தை மெல்லக் குறைய விட வேண்டும். பிறகு ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்க வேண்டும்.

தண்ணீர் என்னும் திருடன்

மழைக்குப் பயந்துதான் இந்த வீடு பிறந்தது. ஆனால், அந்த மழையே இதற்கு எமன்!

பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. அதன் ஓரத்தில் ஈரம் பட்டால், ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கும். ஒருநாள் விரலால் அழுத்தினால், ரொட்டி போல உள்ளே போகும்.

அதனால் பலகையின் ஓரங்களுக்குப் பலமுறை வர்ணமோ எபாக்சி பசையோ பூசுகிறார்கள். தரையின் அடிப்பக்கத்துக்குத் தார் போன்ற கறுப்புப் பூச்சு பூசுகிறார்கள். ரோட்டில் தெறிக்கும் சேறும் தண்ணீரும் அதைத் தாண்டாது.

கூரைக்கு முதலில் மெல்லிய பிளைவுட்டை வளைத்துப் போடுகிறார்கள். வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகையை நடுவில் வைக்கிறார்கள். அதன் மேல் அலுமினியத் தகடு. வெயிலில் அலுமினியம் விரியும், குளிரில் சுருங்கும். முழுவதையும் பசை போட்டு ஒட்டிவிட்டால், தகடு நெளிந்துவிடக்கூடும். அதனால் பலர் ஓரங்களில் மட்டும் பட்டை வைத்து, திருகாணியால் பிடித்துவிடுகிறார்கள். பட்டைக்கு அடியில் ரப்பர் போன்ற ஒட்டு நாடா கொடுக்கிறார்கள். திருகாணி போகும் ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்காது.

அதிகமாக ஒழுகும் இடம் எது? பின்பக்க மூடியின் கீல்! கூரையில் ஓடிவரும் மழைநீர் நேராக அங்கேதான் வருகிறது. அதற்கென்றே தண்ணீர் புகாத நீளமான அலுமினியக் கீல் விற்கிறார்கள்.

பலகை வேண்டாம், துணியே போதும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது! அவர்கள் நுரைப் பலகையையே சுவராக நிறுத்தி, அதன் மேல் கித்தான் துணியை மரப்பசையால் ஒட்டுகிறார்கள். காய்ந்த பிறகு, வெளிச்சுவருக்கு அடிக்கும் வர்ணத்தைப் பல தடவை பூசுகிறார்கள். துணி இறுகி ஓடு போல ஆகிவிடுகிறது. எடையோ மிகக் குறைவு. சின்னக் கார்கூட இழுத்துக்கொண்டு போகும்.

மூச்சு விட வழி வேண்டும்

4 அடி அகலப் பெட்டிக்குள் 2 பேர் இரவு முழுவதும் மூச்சு விட்டால், அந்த ஈரம் எங்கே போகும்? கதவு, ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு படுத்தால், காலையில் சுவரெல்லாம் முத்து முத்தாக நீர் பூத்திருக்கும். படுக்கையும் நனையும். ஆகவே, கூரையில் ஒரு காற்று வழியும் பக்கத்தில் கொசுவலை போட்ட ஜன்னலும் கண்டிப்பாக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து, அடுப்பையோ கரிக் கணப்பையோ உள்ளே வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். சமையல் அறையை வெளிப்பக்கம் வைத்ததில் இந்த நன்மையும் இருக்கிறது.

டிரெய்லர் ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதைச் சட்டமே தடுக்கிறது. குழந்தைகள் ஆசைப்பட்டாலும் இடம் காரில்தான்!

எது வேண்டாம்?

இந்த வீட்டைக் கட்டுகிறவர் முதலில் போடும் பட்டியல் நீளமாக இருக்கும். டெலிவிஷன் வேண்டும், பெரிய ஐஸ் பெட்டி வேண்டும், அலமாரி வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும்!

அடுத்து, காரோடு வந்த கைப்புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார். அந்தக் கார் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். உடனே பட்டியல் சுருங்கத் தொடங்கும்.

இங்கேதான் குடும்பத்தின் யோசனை தேவைப்படுகிறது. கணவர் கருவிகளைக் குறைக்க மாட்டார். மனைவி பாத்திரங்களைக் குறைக்க மாட்டார். குழந்தை பொம்மையை விடாது! கடைசியில் எல்லாரும் ஒவ்வொன்றை விட்டுக்கொடுப்பார்கள். ஒரு பாத்திரம் 2 வேலை செய்யும். படுக்கைக்கு அடியில் துணிப்பெட்டி போகும். சின்னக் குழந்தைக்குக் கால்மாட்டுக்கு மேலே குறுக்கே ஒரு பலகைக் கட்டில் போடுகிறவர்களும் உண்டு. பெரிய பிள்ளைகள் பக்கத்தில் சிறு கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள்.

கட்டும் வேலையிலும் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. அறுப்பதும் துளை போடுவதும் பெரியவர்களின் வேலை. உப்புத்தாள் தேய்ப்பது, வர்ணம் பூசுவது, திருகாணிகளை எண்ணிக் கொடுப்பது ஆகியவற்றைச் சிறுவர்களும் செய்யலாம். திரையும் மெத்தை உறையும் வீட்டிலேயே தைத்துவிடலாம். சிலருக்குச் சில மாதங்களில் வேலை முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகின்றன.

முதல் பயணம் எங்கே?

கட்டி முடித்ததும் ரோட்டில் ஓட்டிவிட முடியாது. வீட்டில் செய்த டிரெய்லருக்கும் நம்பர் வாங்க வேண்டும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில இடங்களில் அதிகாரிகள் நேரில் சோதித்துப் பார்த்த பிறகே நம்பர் கொடுக்கிறார்கள். பின்புற சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிய வேண்டும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. தோட்டத்துக் குழாயைப் பிடித்து, நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன் உட்கார்ந்து, ஈரம் தெரிகிறதா என்று பார்க்கிறார்.

அனுபவசாலிகள் முதல் பயணமாக எங்கே போகிறார்கள் தெரியுமா? எங்கும் போவதில்லை! வீட்டு வாசலிலேயே டிரெய்லரை நிறுத்தி, ஓர் இரவு தூங்கிப் பார்க்கிறார்கள். விளக்கின் ஸ்விட்ச் கைக்கு எட்டவில்லை, தலையணை வைக்க இடம் இல்லை, கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்ற குறைகள் எல்லாம் அன்று இரவு தெரிந்துவிடும். வாசலில் தெரிந்தால் சிரித்துக்கொண்டே சரிசெய்யலாம். நடுக்காட்டில் தெரிந்தால் சிரிக்க முடியாது!

2–வது பயணம் பக்கத்து ஊருக்கு. முதல் 80 கிலோ மீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்குகிறார்கள். புதுச் சக்கரத்தில் அவை தளர்வது உண்டு.

அதன் பிறகு மலையும் ஏரியும் காடும் காத்திருக்கின்றன. முகாமில் போய் நிறுத்தி, பின்பக்க மூடியைத் தூக்கி, காபி போட ஆரம்பித்தால், பக்கத்து முகாம்காரர்கள் தானாக வந்து சேர்வார்கள். "நீங்களே கட்டியதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வீடு சின்னதுதான். ஆனால், பாரம் இருக்க வேண்டிய இடத்தில் பாரமும், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீரும் நின்றுவிட்டால், அந்தச் சின்ன வீட்டுக்கு வாய்க்கும் முற்றம்தான் எவ்வளவு பெரியது!